யாழினியின் கை சொரசொரப்பாகவே இருக்கட்டும்

அன்புள்ள மகனுக்கு,

நீங்கள் மூன்று பேரும் நல்லபடியாக ஓசூர் போய்ச் சேர்ந்துவிட்டதாகக் கார்த்திகா காலையில் போனில் சொன்னாள். யாழினி வண்டியில் அழாமல் தூங்கினாளாம், இறங்கியதும் இட்லி கேட்டுச் சாப்பிட்டாளாம். கேட்கும்போது ஆறுதலாக இருந்தது. போனை வைத்த பிறகு அந்த ஆறுதல் நிற்கவில்லை. 'கண்டம் கழிஞ்சுட்டு, புள்ள தப்பிச்சுட்டா' என்று நீ பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டுப் போனாய். உன் அப்பாவும் அப்படித்தான் நினைக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வந்தது போகவில்லை, சற்றுத் தள்ளி நின்று நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்றே படுகிறது. நேரில் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் நீ வேறு பேச்சுக்குத் தாவினாய். போனில் சொன்னால் 'சரிம்மா, சரிம்மா' என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுக்கப் படி.

கோயில் கொடைத் திருவிழாவுக்கு நீங்கள் வந்து இறங்கிய அன்று நம் தெருவே யாழினியைச் சுற்றி நின்றது உனக்கு நினைவிருக்கும். 'ஏயம்மா, கன்னத்தப் பாரேன், பன்னு கணக்கா!' என்று எதிர்வீட்டு இசக்கியம்மா கிள்ளிக் கிள்ளி முத்தம் கொடுத்தாள். 'ஓசூர்த் தண்ணி புள்ளைக்கு ஒத்துக்கிட்டு வே' என்று அவள் புருஷன் உன் அப்பாவிடம் சொன்னார். நீ பெருமையாகச் சிரித்துக்கொண்டு நின்றாய். நானும் சிரித்தேன். பிறகு குளிப்பாட்ட அவளை வாங்கினேன். போன பொங்கலுக்கு நான் எடுத்துக் கொடுத்த கவுனைக் கழற்றும்போது முதல் உறுத்தல் வந்தது. இத்தனை மாதமாகியும் அந்தக் கவுன் உயரத்துக்கு அப்படியே இருந்தது. வயிற்றில் மட்டும்தான் பிடித்தது. வளர்கிற பிள்ளை, முகமும் வயிறும் பெருத்திருக்கிறது, உயரம் ஏறவில்லை. முதுகிலும் நெற்றியோரத்திலும் பூனைமுடி கருத்துக் கிடந்தது. தோளிலிருந்து கையைத் தேய்த்தேன். சோப்பு போடுவதற்கு முன்பே கை வழுக்கிக்கொண்டு போயிற்று. தோல் அவ்வளவு மெலிசு. உள்ளே ஓடுகிற நரம்பு பச்சை நூல் போலத் தெரிந்தது. கொசு கடித்த இடமெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது.

எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. யாழினிக்கு நடை வந்த காலத்திலேயே அவள் மேல்கையில் முள் மாதிரிச் சின்னச் சின்னப் பொரி தட்டுப்பட்டதை நானே தொட்டுப் பார்த்திருக்கிறேன். உனக்கும் அந்த வயதில்தான் வந்தது. எனக்கு இருக்கிறது, என் அப்பாவுக்கு இருந்தது. என் கையில் ஒரு நாளும் அது முழுசாக மறைந்ததில்லை. மழைக்காலம் முடிந்து பனி விழுந்தால் கூடும், வெயில் காலத்தில் அடங்கும், அவ்வளவுதான். அது இந்தப் பிள்ளைக்கு மட்டும் எங்கே போயிற்று? தலை துவட்டிக்கொண்டே கார்த்திகாவிடம் கேட்டேன்.

'கைல முள்ளு முள்ளா இருந்துச்சே, என்னளா ஆச்சு?'

'அதா அத்த, ஒரு கிரீம் தடவுதோம். அவியதான் வாங்கிட்டு வந்தாவ. ஒரே வாரத்துல போயிட்டு. விட்டா மறுபடி செவந்து வருது, அதான் விடாம தடவுதோம்.'

'எங்கன தடவுத?'

'கை, தொடை, கன்னம். குளிச்சதும் ஒருதடவ, படுக்கப்போறப்ப ஒருதடவ.'

'டாக்டர் எழுதிக் குடுத்தாரா?'

அவள் பையிலிருந்து டியூபை எடுத்துக் அடியிலிருந்து அழுத்திப் பிதுக்கினாள். அது ஏறக்குறைய தீர்ந்துபோயிருந்தது.

அன்று சாயங்காலம் கோயிலில் வில்லுப்பாட்டு தொடங்குவதற்கு முன்னால் உன்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். 'கம்பெனியில கூட வேலை பாக்குதவன் சொன்னாம்மா. அவன் பொண்டாட்டி மூஞ்சிக்குப் போட்டு பளபளன்னு ஆயிட்டா. முதல்ல எங்கைல தடவிப் பாத்துட்டுத்தான் புள்ளைக்குத் தடவுனேன்' என்றாய். பச்சைப்பிள்ளைக்கு இது ஆகுமா என்று கேட்டதும் உன் குரல் மாறிவிட்டது. 'எம்மா, எம்புள்ளைய எவனும் பலாக்கான்னு கூப்பிடக் கூடாது. நீ சும்மா இரு' என்றாய். நான் சும்மா இருந்துவிட்டேன். 

பலாக்கா என்ற அந்தப் பேர் உனக்கு எங்கே வந்தது என்று எனக்குத் தெரியும். ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ படித்தாய். படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். நீ சட்டையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கப் போனாய். உன் வகுப்புப் பையன் ஒருவன், 'ஏலே, பலாக்கா வாரான், தள்ளி நில்லுங்கலே, ஒட்டிக்கிடும்' என்று கத்தினான். குளித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். உனக்காக ஆற்றின் நடுவே ஒரு வழி திறந்த மாதிரி இருந்தது. நீ அந்த வழியில் இறங்கவில்லை. சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாய். அதன் பிறகு தாமிரபரணியில் நீ குளித்து நான் பார்க்கவில்லை. சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். கல்யாணத்துக்கு எடுத்த போட்டோக்களில் கூட மணிக்கட்டு வரை பட்டன் போட்டிருக்கிறாய்.

எனக்கும் ஒன்று நடந்தது, உன்னிடம் சொன்னதில்லை. கல்யாணமான புதிதில் மேலத்தெருவில் ஒரு வீட்டுக்கு அப்பளம் இட்டுக் கொடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். அப்பளம் இடும்போது சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினால் மேல்கை தெரியும். ஒருநாள் அந்த வீட்டம்மா என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் போனதும், 'நீ மாவுப் பக்கம் வராண்டாம், மாடியில காயப்போடுத வேலையப் பாரு' என்றார்.  மாடி வெயிலில் நின்றுகொண்டு உடம்பு தேய்க்கிற பீர்க்கங்கூட்டால் கையைத் தேய்த்து உரித்துவிடலாமா என்று நினைத்தேன். அன்று வீட்டுக்கு வந்து தேய்த்தும் பார்த்தேன். ரத்தம் வந்தது, புண்ணாகிப் பழுத்தது, ஆறியபோது கறுப்பு கறுப்பாகத் தழும்பு நின்றது. முள் போகவில்லை. உனக்கு வந்த கோபம் எனக்குப் புரியாதது இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் வந்த மறுநாள் டியூப் தீர்ந்தது. நீ அம்பாசமுத்திரம் வரை போய் மருந்துக்கடை மருந்துக்கடையாகக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தாய். 'இங்கன அந்தக் கம்பெனி வாரதில்லையாம். ஊருக்குப் போய் வாங்கிக்கிடலாம்' என்றாய். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. தொலைந்தது சனியன் என்று நினைத்தேன். கிரீம் நின்றதுதான் அடுத்து வரப்போகிற ஆபத்து என்று நம் வீட்டில் யாருக்குத் தெரியும்? கொடை முடிவதற்குள் யாழினியின் கையும் கன்னமும் சுட்ட மாதிரி சிவந்தன. தொட்டால் அழுதாள். பிறகு அந்த அழுகையும் குறைந்தது. எந்நேரமும் ஓடுகிற பிள்ளை, போட்ட இடத்தில் உட்கார்ந்திருந்தாள். லேசாகச் சளி பிடித்துக் காய்ச்சல் வந்தது. பால் குடித்தால் வாந்தி. 'கண்ணு பட்டுருக்கும். அம்புட்டுப் பேரும் கன்னத்தக் கிள்ளுனாளுவல்லா?' என்று உன் அப்பா சொன்னார். நான் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். மிளகாய் நெடி ஏறவே இல்லை. கார்த்திகா, 'நெடி இல்லேன்னா கண்ணுதான் அத்த' என்றாள். நாங்கள் இரண்டு பேரும் அதை நம்பினோம். அந்த நேரத்தில் யாழினி என் தோளில் கிடந்தாள். அவள் தலை நிற்காமல் சரிந்து சரிந்து விழுந்தது.

மறுநாள் மதியம் சோறு ஊட்டப் போன கார்த்திகா போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பிள்ளை கண் பாதி திறந்து கிடந்தது. காய்ச்சல் அடித்த உடம்பு சில்லிட்டு வியர்த்திருந்தது. கூப்பிட்டதற்கு விழி திரும்பவில்லை. நீ கார் பிடித்து வந்தாய். உள்ளூர் டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்து, 'இங்கன வச்சு நேரத்தப் போக்காதீங்க, பாளையங்கோட்டைக்குக் கொண்டு போங்க' என்றார். வீரவநல்லூர் தாண்டும்வரை கார்த்திகா அழுதுகொண்டு வந்தாள், பிறகு அவளும் அடங்கிவிட்டாள். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. நீ இறங்கி ஓடிப்போய்க் கேட்காரரிடம் கெஞ்சினாய். வண்டி வருகிற நேரம், அவர் என்ன செய்வார்? பத்தமடை தாண்டும்போது பிள்ளையின் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். காற்று இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.  நீ திரும்பித் திரும்பி என் முகத்தைப் பார்த்தாய். நான் வெளியே வயலைப் பார்த்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் நடந்ததைத்தான் நாம் இதுவரை பேசவில்லை. அந்த டாக்டரம்மா யாழினியின் முகத்தையும் முதுகு முடியையும் பார்த்தார். வயிற்றை அழுத்தினார். சர்க்கரை பார்த்தார்கள், மிகவும் இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே உன்னிடம் கேட்டார்.

'குழந்தைக்கு ஏதாவது மருந்து கொடுத்துட்டு இருந்தீங்களா? மாத்திரை, சொட்டு மருந்து, நாட்டு மருந்து?'

'ஒண்ணுமில்ல டாக்டர்.'

'ஆயின்மென்ட், கிரீம்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.'

நீ தலையைக் குனிந்துகொண்டு, 'இல்ல' என்றாய்.

நீ பொய் சொல்லுகிற பிள்ளை இல்லை. கிரீமெல்லாம் மருந்துக் கணக்கில் வராது என்று நினைத்தாயோ, நாலு பேர் நிற்கிற இடத்தில் தோல் வியாதி என்று சொல்ல நாக்கு எழவில்லையோ, எனக்குத் தெரியாது. படித்துறையில் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்ட அதே முகம் எனக்குத் தெரிந்தது. 'கிரீம் தடவுனாவ டாக்டர்' என்று நான் சொன்னேன். நீ என்னை முறைத்தாய். அதற்குள் கார்த்திகா பையைத் தரையில் கொட்டி அந்தக் காலி டியூபைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டாள். டாக்டரம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். 'எத்தனை மாசமா? உடம்புல எங்கெல்லாம்? எப்ப நிறுத்தினீங்க?' என்று கேட்டுக்கொண்டே நர்சிடம் ஓர் ஊசிப் பேரைச் சொன்னார். ஊசி ஏறிச் சாயங்காலம் ஆவதற்குள் யாழினி முழித்து, 'ஆச்சி' என்று என்னைப் பார்த்தாள். நீ வராந்தாவுக்குப் போய்ச் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாய்.

மறுநாள் டாக்டரம்மா நம்மை உட்கார வைத்து விளக்கியபோது நீ பாதியைக் கேட்கவில்லை. நான் கேட்டதை என் பாஷையில் எழுதுகிறேன். சிறுநீரகத்துக்கு மேலே சின்னதாக ஒரு சுரப்பி இருக்கிறது. காய்ச்சல், அடி என்று உடம்புக்குக் கஷ்டம் வரும்போது தாங்கிக்கொள்ள ஒரு சத்தை அதுதான் சுரந்து கொடுக்கிறது. அந்த டியூபில் இருந்தது ஸ்டீராய்டு, அதிலும் வீரியமானது. குழந்தைத் தோல் மெலிசு, தடவத் தடவ ரத்தத்துக்குள் இறங்கிவிட்டது. வெளியிலிருந்து வேண்டிய மட்டும் வருகிறதே என்று சுரப்பி வேலையை நிறுத்திவிட்டது. கன்னம் உப்பியது, முடி முளைத்தது, உயரம் நின்றது எல்லாம் அதனால்தான். ஊரே கண் வைத்த அழகு அது. கிரீம் திடீரென்று தீர்ந்துபோய், கூடவே காய்ச்சலும் வந்தபோது, கொடுக்க உள்ளேயும் ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று அவர் ஆரம்பித்து முடிக்காமல் விட்டார்.

பிறகு மணிக்கட்டு வரை மூடிய உன் சட்டைக் கையைப் பார்த்து, 'உங்களுக்கும் இருக்கா?' என்று கேட்டார்.  நான் என் ரவிக்கைக் கையை மேலே ஏற்றிக் காட்டினேன். அதைப் பார்த்து நீயும் பட்டனைக் கழற்றினாய். கல்யாணத்துக்குப் பிறகு உன் கையை நான் பகலில் பார்த்தது அன்றுதான். அவர் இரண்டு பேர் கையையும் தடவிப் பார்த்துவிட்டு, அதற்குக் கெரடோசிஸ் பைலாரிஸ் என்று பேர் சொன்னார். 'இது நோயே இல்லைம்மா. குடும்பத்துல வர்றது. மயிர்க்கால் வாயில தோல் கெட்டியாகி அடைச்சுக்குது, அவ்வளவுதான். யாருக்கும் ஒட்டாது. ரொம்பப் பேருக்கு இருக்கு, பாதிப் பேர் கவனிக்கிறதே இல்லை. வயசாக ஆகத் தானா குறையும்' என்றார். இத்தனை வருஷமாக நம்மை ஆற்றிலிருந்தும் மாவுப் பக்கத்திலிருந்தும் தள்ளி வைத்தது இதுதானா என்று எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. ஒன்றுமில்லாத ஒன்றுக்காகப் பிள்ளையை எங்கே வரை கொண்டுபோய்விட்டோம் என்ற பயம்.

அதை முழுசாகப் போக்கும் மருந்து கிடையாது என்று அவர் சொன்னதை மறந்துவிடாதே. அடக்கி வைக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரமாகக் குளிப்பாட்டு. உங்கள் ஊர்க் குளிருக்குக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் தோல் இன்னும் வறளும். காரமான சோப்பு வேண்டாம். பீர்க்கங்கூடு, கல், கடலைமாவு என்று எதையும் போட்டுத் தேய்க்காதே. ஈரத்தை ஒற்றி எடுத்து, அந்த ஈரம் காய்வதற்குள் அவர் எழுதிக் கொடுத்த, வாசனை இல்லாத கிரீமைத் தடவு. அது வெறும் ஈரம் காக்கிற கிரீம், அது மட்டும் போதும். கிள்ளவோ நகத்தால் எடுக்கவோ விடாதே. யூரியா கலந்தது, லாக்டிக் அமிலம் கலந்தது என்று பெரியவர்களுக்கு இருக்கிறதாம், அதை உனக்கு வேண்டுமென்றால் தோல் டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள். யாழினி மேல் அது படக் கூடாது.

இனி வருவதுதான் எனக்குப் பயம். சுரப்பி முழித்துக்கொள்ள மாதக்கணக்கில் ஆகலாமாம். அதுவரை சுரப்பிக்குப் பதிலாக அவர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையை அவர் சொன்ன அளவில் கொடுத்து, அவர் சொன்ன மாதிரிதான் குறைக்க வேண்டும். பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறாள் என்று ஒரு வேளை கூட நீயாக நிறுத்தாதே. காய்ச்சல் வந்தால் அவர் சொன்னபடி அளவைக் கூட்ட வேண்டும். வாந்தி எடுத்து மாத்திரை தங்கவில்லை என்றால் வீட்டில் காத்திருக்காதே, ஆஸ்பத்திரிக்கு ஓடு. எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வார்த்தையாக ஸ்டீராய்டு விஷயத்தைச் சொல். நீ சொல்ல வேண்டும். நானும் கார்த்திகாவும் எப்போதும் பக்கத்தில் நிற்க மாட்டோம். பால்வாடியில் ஒரு பிள்ளைக்குச் சளி பிடித்தால், அந்தச் சாதாரணச் சளி நம் பிள்ளையைத் தேடி வருகிறது என்று நினைத்துக்கொள்.

நீங்கள் ஊருக்குக் கிளம்பிய அன்று திருநெல்வேலி ஜங்ஷனில் நீ தண்ணீர் பாட்டில் வாங்கப் போனபோது யாழினி என் மடியில் இருந்தாள். மேல்கையில் என் உள்ளங்கை பட்டது. ரவையைத் தொட்ட மாதிரி இருந்தது. திரும்ப வந்துவிட்டது. கார்த்திகாவின் கையைப் பிடித்து அங்கே வைத்தேன். 'வந்துட்டு அத்த' என்று அவள் சிரித்தாள், கண்ணீரும் வந்தது. நீ வந்து, என்ன என்று கேட்டுக் குனிந்து, கட்டைவிரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தாய்.  அவள் கவுன் கையைக் கீழே இழுத்து மூடினாய். வண்டி நகரும்போது நான் கையாட்டினேன், நீ போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

இது வரைக்கும் எழுதி வைத்துவிட்டுக் காப்பி போடப் போனேன். கார்த்திகா மறுபடி கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள். 'அத்த, அவிய போன்ல என்னமோ ஒரு கிரீம் ஆர்டர் போட்டிருக்காவ. இதுல ஸ்டீராய்டே கிடையாதாம், முழுக்க மூலிகையாம். நான் வேண்டாம்னு சொன்னா கேக்க மாட்டேங்காவ' என்றாள். டாக்டரம்மா கடைசியாகச் சொன்னதை நீ கேட்டிருக்க மாட்டாய், மாத்திரை வாங்க நீ கீழே போயிருந்தாய். மூலிகை என்று எழுதி உள்ளே அதே ஸ்டீராய்டைக் கலந்து விற்கிற டப்பாக்களும் உண்டு, ஒரே வாரத்தில் வழவழப்பாக்கும் எதையும் நம்பாதீர்கள் என்று சொன்னார்.

உடனே உனக்குப் போன் போட்டேன். நீ எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். 'டூட்டில இருக்கேன்மா, அப்புறம் பேசுதேன்' என்று செய்தி அனுப்பினாய். இந்தக் கடிதத்தை இன்றே விரைவுத் தபாலில் போடப் போகிறேன். அந்தப் பெட்டியும் எங்கிருந்தோ கிளம்பி உன் வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருக்கிறது. இது முந்தினால், வருகிற பெட்டியைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பு. பெட்டி முந்திவிட்டால், இதை நீ படிக்கும்போது யாழினியின் கை மறுபடியும் வழவழப்பாக இருக்கும்.

அம்மா
கல்லிடைக்குறிச்சி